கண்ணீரில் முடியாத கதை: பாட்டுப் போட்டியும் பால்புதுமையினர் சினிமாவும்

இஸ்ரேலிய இயக்குநர் எய்தன் ஃபாக்ஸ் 2013இல் எடுத்த 'கப்கேக்ஸ்' படத்தின் கதை மிக எளியது. டெல் அவீவில் அக்கம்பக்கத்தில் வாழும் ஆறு நண்பர்கள் ஓர் இரவு 'யூனிவர்சாங்' என்ற பன்னாட்டுப் பாட்டுப் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்க்கக் கூடுகிறார்கள். பேக்கரி நடத்தும் அனாத்தை அவள் கணவன் விட்டுப் போயிருக்கிறான். அவளைத் தேற்றுவதற்காக மற்றவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே ஒரு பாட்டுக் கட்டுகிறார்கள். மழலையர் பள்ளி ஆசிரியரான ஓஃபர் அதைக் கைபேசியில் பதிவு செய்து போட்டிக்கு அனுப்பிவிடுகிறான். அடுத்த போட்டியில் நாட்டின் சார்பாகப் பாடப் போகிறவர்கள் இவர்கள்தான் என்று முடிவாகிறது. ஓஃபர் தன்பாலீர்ப்பு கொண்டவன். அவனுடைய காதலனோ ஹம்முஸ் விற்றுப் பெயரெடுத்த குடும்பத்தின் பிள்ளை. அந்த வியாபாரத்தின் விளம்பர முகமும் அவன்தான். அதனால் காதலை வெளியே சொல்ல அஞ்சுகிறான். தோழிகளில் ஒருத்தியான எஃப்ராத் பெண்களை நேசிக்கும் பாடகி. வண்ண உடைகளும் துள்ளல் இசையும் நிறைந்த, ஒன்றரை மணி நேரத்தில் மனத்தை லேசாக்கி அனுப்பிவிடும் படம்.

இப்படி ஒரு படத்தை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். பால்புதுமையினர் (குயர்) சினிமாவைப் பற்றிய நெடுநாள் விவாதம் ஒன்று இதற்குள் ஒளிந்திருக்கிறது. ஒடுக்கப்பட்டவர்களின் கதையை ஆட்டமும் பாட்டுமாகச் சொல்லிச் சுபமாக முடிப்பது அவர்களுடைய போராட்டத்துக்கு வலு சேர்க்குமா, அதை நீர்த்துப்போகச் செய்யுமா? இதில் மூன்று தரப்புகள் உண்டு. மகிழ்ச்சியே ஓர் உரிமைக் கோரிக்கை என்பது முதல் தரப்பு. கேளிக்கை வெறும் தப்பித்தல் என்பது இரண்டாவது. இந்த மகிழ்ச்சியை அரசுகள் தங்கள் முகத்துக்குப் பூச்சாகப் பயன்படுத்திக்கொள்கின்றன என்பது மூன்றாவது. மூன்றுக்கும் ஆதாரங்கள் இருக்கின்றன. அவற்றை வரலாற்றோடு சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

சாவு எழுதப்பட்ட பாத்திரங்கள்

ஆங்கில நாவலாசிரியர் இ. எம். ஃபார்ஸ்டர் 1913-14இல் 'மாரிஸ்' நாவலை எழுதினார். இரண்டு ஆண்கள் காதலித்துக் கடைசியில் சேர்ந்து வாழ்கிற கதை. அது நூலாக வந்தது 1971இல், அவர் இறந்த மறு ஆண்டு. முடிவு மகிழ்ச்சியாக இருந்தே ஆக வேண்டும் என்பதில் தான் உறுதியாக இருந்ததாகப் பின்னுரையில் அவர் எழுதினார். காதலர்கள் தூக்கில் தொங்குவதாக முடித்திருந்தால் அச்சிடுவதில் சிக்கல் இருந்திருக்காது என்பதையும் சொன்னார். தன்பாலீர்ப்புக் காதலைச் சொல்வதைவிட, அந்தக் காதலர்கள் நன்றாக வாழ்ந்தார்கள் என்று சொல்வதுதான் பெரிய குற்றமாக இருந்தது.

சினிமாவிலும் இதே நிலைதான். தன்பாலீர்ப்பு கொண்டவர்களுக்காக வெளிப்படையாகப் பேசிய முதல் படங்களில் ஒன்று 1919இல் ஜெர்மனியில் ரிச்சர்ட் ஓஸ்வால்ட் எடுத்த 'டிஃபரண்ட் ஃப்ரம் தி அதர்ஸ்'. பாலியல் ஆய்வாளர் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் அதன் எழுத்தில் பங்கேற்றார். ஆண்களுக்கிடையேயான உறவைக் குற்றமாக்கிய 175ஆம் பிரிவை எதிர்க்கவே அது எடுக்கப்பட்டது. அதன் நாயகன் ஒரு வயலின் கலைஞன். மிரட்டிப் பணம் பறிப்பவனிடம் சிக்கிச் சீரழிந்து தற்கொலை செய்துகொள்கிறான். நல்லெண்ணத்தோடு எடுத்த படத்துக்கும் நாயகனை உயிரோடு விட முடியவில்லை.

அமெரிக்காவில் 1934 முதல் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்த ஹேஸ் தணிக்கை விதிகள் இத்தகைய பாத்திரங்களைத் திரையிலிருந்தே துரத்தின. 1961இல் விதி சற்றுத் தளர்ந்தது. அந்த ஆண்டே வெளிவந்த 'தி சில்ட்ரன்ஸ் அவர்' படத்தில், தோழிமீது தனக்கிருந்த காதலை உணர்ந்து சொன்ன ஆசிரியை தூக்கில் தொங்கினாள். திரை ஆய்வாளர் வீட்டோ ருஸ்ஸோ தமது 'தி செல்லுலாய்ட் கிளாசெட்' நூலில் இப்படிச் செத்த பாத்திரங்களை ஒரு பட்டியலாகவே தொகுத்தார். கொலை, தற்கொலை என்று நீளும் அந்தப் பட்டியலைப் படித்தவர்கள், சுபமான முடிவை மலிவான சமரசம் என்று ஒதுக்கிவிட மாட்டார்கள். பல பத்தாண்டுகளாகத் தணிக்கையும் வழக்கமும் சேர்ந்து பறித்து வைத்திருந்த ஒன்றைத் திரும்பப் பெறும் செயல் அது.

எய்தன் ஃபாக்ஸின் சொந்தப் பாதையும் இதே வரலாற்றைச் சுருக்கிக் காட்டுகிறது. அவருக்குப் பெயர் வாங்கித் தந்த 'யோசி அண்ட் ஜாகர்' 2002இல் வந்தது. லெபனான் எல்லைப் பகுதியின் ராணுவ முகாமில் இரண்டு அதிகாரிகளுக்கிடையே மலரும் காதல், ஒருவனுடைய சாவில் முடிகிறது. 2006இல் வந்த 'தி பபிள்' படத்தில் டெல் அவீவ் இளைஞன் நோமும் நாப்லுஸ் நகரத்துப் பாலஸ்தீன இளைஞன் அஷ்ரஃபும் காதலிக்கிறார்கள். குண்டு வெடிப்பில் இருவரும் மடிகிறார்கள். அதே கைதான் 'கப்கேக்ஸ்' எடுத்தது. காதலர்களைக் கொன்று கொன்று சலித்த ஒரு கலைஞன், அவர்களை உயிரோடு மேடையேற்றிப் பாட வைத்த படமாகவே நான் அதைப் பார்க்கிறேன்.

இசை நாடகம் திறந்த வாசல்

மகிழ்ச்சியை முதலில் திரைக்குக் கொண்டுவந்தது இசை நகைச்சுவைதான். 1919 படத்தில் மிரட்டிப் பணம் பறிப்பவனாக நடித்த ரைன்ஹோல்ட் ஷுன்ட்ஸெல், 1933இல் 'விக்டர் உண்ட் விக்டோரியா' என்ற இசை நகைச்சுவைப் படத்தை இயக்கினார். பெண் வேடம் போடும் ஆணாக நடிக்கிற ஒரு பெண்ணின் கதை அது. அந்த ஆண்டு மே மாதம்தான் நாஜிகள் ஹிர்ஷ்ஃபெல்டின் ஆய்வு நிலையத்தைச் சூறையாடி, நூல்களைத் தீக்கிரையாக்கியிருந்தார்கள். நேரடியாகப் பேசிய குரல்கள் நசுக்கப்பட்ட ஆண்டின் இறுதியில், ஆணா பெண்ணா என்ற கேள்வியைப் பாட்டும் சிரிப்புமாக ஒரு படம் திரையில் கேட்டது. நேராக நுழைய முடியாத விஷயத்துக்கு இசை நகைச்சுவை பக்கவாசல் திறந்து வைத்தது.

அந்த வாசல் பின்னாளில் பெரிதாயிற்று. 1973இல் பிரெஞ்சு மேடை நாடகமாகத் தொடங்கிய 'லா காஜ் ஓ ஃபோல்' 1978இல் திரைப்படமானது; 1983இல் பிராட்வே இசை நாடகமானது. எய்ட்ஸ் அச்சம் பரவி, தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்களைத் தொடவே ஊர் பயந்த நாள்களில், வயதான இரண்டு ஆண்களின் நீண்ட இல்லறத்தை நடுத்தர வர்க்கக் குடும்பங்கள் அரங்கில் உட்கார்ந்து ரசித்தன. அதன் முதல் பாகத்தை முடித்து வைக்கும் பாட்டு உலகெங்கும் பெருமித ஊர்வலங்களில் ஒலிக்கத் தொடங்கியது.

இசை நாடகத்துக்கு மட்டும் இந்த ஆற்றல் எப்படி வந்தது? பிரிட்டிஷ் திரை ஆய்வாளர் ரிச்சர்ட் டையர் 1977இல் எழுதிய ஒரு கட்டுரை இதற்கு நல்ல விடை தருகிறது. நல்லதொரு சமூகம் எப்படிக் கட்டப்பட வேண்டும் என்று இசை நாடகம் சொல்வதில்லை; அப்படிப்பட்ட சமூகத்தில் வாழ்ந்தால் உள்ளம் எப்படி இருக்கும் என்பதை உணர வைக்கிறது என்றார் அவர். வறுமைக்கு எதிரே நிறைவு, சோர்வுக்கு எதிரே ஊக்கம், தனிமைக்கு எதிரே கூட்டுறவு, சூழ்ச்சிக்கு எதிரே ஒளிவுமறைவின்மை. அன்றாட வாழ்வில் எது இல்லையோ அதை மேடை தருகிறது. மனத்தில் இருப்பதை மறைத்தே பழகிய ஒருவருக்கு, ஒரு பாத்திரம் எழுந்து நின்று தன் நெஞ்சைத் திறந்து பாடுவதும், சுற்றியிருப்பவர்கள் அந்தப் பாட்டில் சேர்ந்துகொள்வதும் சாதாரணக் காட்சி ஆகாது. தான் ஏங்கிய உலகத்தை அவர் மூன்று நிமிடம் உடம்பால் உணர்கிறார்.

திரைக்கு வெளியேயும் கூட்டுப் பாடல் இதே வேலையைச் செய்திருக்கிறது. 1978 நவம்பர் 27 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் ஹார்வி மில்க் சுட்டுக் கொல்லப்பட்டார். வெளிப்படையாகத் தன்னைத் தன்பாலீர்ப்பு கொண்டவர் என்று அறிவித்துத் தேர்தலில் வென்றவர் அவர். அன்றிரவு நகர மன்றத்தின் படிகளில் கூடிய மக்கள்முன் நின்று பாடியது சான் ஃபிரான்சிஸ்கோ தன்பாலீர்ப்பு ஆண்கள் பாடகர் குழு. தொடங்கிச் சில வாரங்களே ஆன அக்குழுவின் முதல் பொது நிகழ்ச்சி அதுதான். துக்கத்தில் சேர்ந்து பாடத் தெரிந்த மக்களுக்கே கொண்டாட்டத்திலும் சேர்ந்து பாடும் உரிமை முழுமையாக வாய்க்கிறது.

யூரோவிஷன்: வீட்டுக் கூடத்தில் ஒரு திருவிழா

'கப்கேக்ஸ்' காட்டும் யூனிவர்சாங் ஒரு கற்பனை என்றாலும் அதன் மூலம் யூரோவிஷன் என்பது யாருக்கும் புரியும். 1956இல் சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் ஏழு நாடுகளோடு தொடங்கிய இப்போட்டியை இன்று 16 கோடிப் பேருக்கு மேல் பார்க்கிறார்கள். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தில் உறுப்பினர் என்பதால் இஸ்ரேல் 1973 முதல் பங்கேற்கிறது. பால்புதுமையினர் இதைத் தங்கள் திருவிழாவாகக் கொண்டாடுவது ஊரறிந்த செய்தி. அதற்கான காரணங்களை ஐவன் ரேகாஃபும் ராபர்ட் டீம் டோபினும் 2007இல் தொகுத்த 'எ சாங் ஃபார் யூரோப்' போன்ற ஆய்வு நூல்கள் பேசியிருக்கின்றன.

என் பார்வையில் மூன்று காரணங்கள் முக்கியமானவை. முதலாவது, இது குடும்பத்தோடு வீட்டில் உட்கார்ந்து பார்க்கும் நிகழ்ச்சி. தன்னைப் பற்றி யாரிடமும் சொல்ல முடியாத ஒரு சிறுவன், ஆண்டுக்கு ஓர் இரவு மினுமினுக்கும் உடைகளையும் மிகை உணர்ச்சியையும் பெற்றோர் பக்கத்திலேயே அமர்ந்து வெட்கமின்றி ரசிக்கலாம். இரண்டாவது, நாகரிக ரசனை கேலி செய்த கலை இது. அளவுக்கு மீறிய அலங்காரத்தையும் நாடகத்தனத்தையும் விரும்பி அணைத்துக்கொள்ளும் ரசனையை சூசன் சான்டாக் 1964இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை விளக்கியது. தன்பாலீர்ப்பு கொண்டவர்களே அந்த ரசனையின் முன்னோடிகள் என்றும் அது சொன்னது. ஊர் இளக்காரமாகப் பார்ப்பதை மதித்துக் காப்பாற்றும் மனம், இளக்காரத்துக்கு ஆளானவர்களிடமே வளர்கிறது. மூன்றாவது, சிறு நாடும் பெயர் தெரியாத பாடகரும் ஓர் இரவில் கண்டம் முழுவதன் மதிப்பெண்ணையும் அள்ளலாம் என்ற வாய்ப்பு. ஒதுக்கப்பட்டவர்களுக்கு இதைவிட இனிய கற்பனை வேறில்லை.

மேடையில் இந்த உறவு மெல்ல மெல்லத்தான் வெளிப்பட்டது. 1961இல் லக்சம்பர்குக்காக ழான் குளோத் பாஸ்கல் பாடி வென்ற பாட்டு, உலகம் பிரிக்க நினைக்கும் காதலர்களைப் பற்றியது. அவர்கள் ஆணா பெண்ணா என்று அது சொல்லாது. பின்னாளில் ரசிகர்கள் அதைத் தன்பாலீர்ப்புக் காதலின் பாட்டாகவே கேட்டார்கள். வெளிப்படையாகத் தன்னை அறிவித்த ஆண் ஒருவர் மேடையேறியது 1997இல்தான். ஐஸ்லாந்தின் பவுல் ஆஸ்கர். சில நாடுகளில் நடுவர்களுக்குப் பதிலாகப் பார்வையாளர்கள் தொலைபேசி வழியே வாக்களிக்கும் முறை சோதித்துப் பார்க்கப்பட்டதும் அதே ஆண்டுதான்.

அடுத்த ஆண்டு, 1998 மே 9 அன்று பர்மிங்காமில், யெமன் வழி வந்த யூதக் குடும்பத்தில் பிறந்த திருநங்கை டானா இன்டர்நேஷனல் 'தீவா' என்ற பாட்டைப் பாடி இஸ்ரேலுக்கு வெற்றி தேடித் தந்தார். ஆண்களுக்கிடையேயான உறவைக் குற்றமாக்கிய சட்டத்தை இஸ்ரேல் நீக்கிப் பத்து ஆண்டுகளே ஆகியிருந்த காலம். கடும் மதப்பற்றுள்ள கட்சிகள் அவரை நாட்டின் சார்பாக அனுப்புவதை எதிர்த்தன. வெற்றிக்குப் பிறகு டெல் அவீவ் வீதிகளில் மக்கள் ஆடிப் பாடினார்கள். 'கப்கேக்ஸ்' போன்ற ஒரு படத்தைக் கற்பனை செய்ய வைத்ததே அந்த வெற்றிதான் என்று நான் கருதுகிறேன்.

2007இல் செர்பியாவின் மரியா ஷெரிஃபோவிச் கோட்டு அணிந்து, பெண்கள் புடைசூழப் பாடி வென்றார். தான் பெண்களை நேசிப்பவள் என்று பின்னர் அறிவித்தார். 2014இல் கோபன்ஹேகனில் தாடியும் கவுனுமாகத் தோன்றிய ஆஸ்திரியாவின் கொன்சிடா வுர்ஸ்ட் 290 புள்ளிகளோடு வென்றார். 2024இல் மால்மோவில் சுவிட்சர்லாந்தின் நெமோ வென்றார். ஆண், பெண் என்ற இரண்டு அடையாளங்களுக்கும் வெளியே தன்னை நிறுத்திக்கொண்ட முதல் வெற்றியாளர் அவர்.

இந்த வரிசையை மட்டும் பார்த்தால் முன்னேற்றத்தின் நேர்க்கோடு போலத் தோன்றும். எதிர்விசையும் கூடவே வளர்ந்தது. ரஷ்யா 2013இல் 'மரபுக்கு மாறான பாலுறவுகள்' பற்றிச் சிறார்களிடம் பேசுவதைத் தடை செய்தது. மறு ஆண்டுப் போட்டியில் கொன்சிடா பாடுவதைத் தொலைக்காட்சியில் நீக்கக் கோரி அதே ஆண்டே ரஷ்யாவிலும் பெலாரஸிலும் மனுக்கள் கிளம்பின. 2012க்குப் பிறகு வராமலேயிருக்கும் துருக்கியின் அரசுத் தொலைக்காட்சித் தலைவர், தாடியோடு பாவாடை கட்டிய ஒருவர் பாடுவதைக் காட்ட முடியாது என்பதை 2018இல் ஒரு காரணமாகச் சொன்னார். அதே ஆண்டு சீனத் தொலைக்காட்சி நிறுவனம் ஒன்று, இரண்டு ஆண்கள் சேர்ந்து ஆடிய அயர்லாந்துப் பாட்டை வெட்டியது. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் அந்த நிறுவனத்தோடு ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. 2025 செப்டம்பரில் ரஷ்யா மாஸ்கோவில் 'இன்டர்விஷன்' என்ற பழைய சோவியத் காலப் போட்டிக்கு மறுபடி உயிர் கொடுத்தது. ஒரு பாட்டுப் போட்டி வெறும் கேளிக்கைதான் என்றால் அரசுகள் இவ்வளவு மெனக்கெட்டிருக்காது. கேளிக்கை வெறும் தப்பித்தல் என்ற இரண்டாம் தரப்புக்கு இந்த அரசுகளே மறுப்பு எழுதிவிட்டன.

ஆறு பேரின் பாட்டு

இப்போது படத்துக்குத் திரும்பலாம். 'கப்கேக்ஸ்' கதையில் முடிச்சு விழுவது போட்டிக்குத் தேர்வான பிறகுதான். வீட்டுக் கூடத்தில் பிறந்த பாட்டு, போட்டி நடத்தும் ஆட்களின் கைக்குப் போனதும் மெருகேற்றப்படுகிறது. அவர்களுடைய தோற்றம், நடை எல்லாவற்றையும் மாற்ற முயற்சி நடக்கிறது. ஒரு கட்டத்தில் அந்தப் பாட்டுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லாமல் போகிறது. கடைசியில் அவர்கள் தாங்களாகவே இருப்பதென்று முடிவெடுக்கிறார்கள்.

இந்த அமைப்பு இசைத் திரைப்படத்தின் பழைய மரபு. ஹாலிவுட் இசைப் படங்களை ஆராய்ந்த ஜேன் ஃபாயர், தொழில்முறைக் கலைஞரைவிட ஆசைக்காகப் பாடுகிறவரையே இப்படங்கள் உயர்த்திப் பிடிக்கின்றன என்று 1982இல் எழுதினார். பெரும் பணம் போட்டுத் தொழில் நேர்த்தியோடு எடுத்த படம், தன்னை நண்பர்களின் திண்ணைப் பாட்டாகக் காட்டிக்கொள்கிறது என்ற உள்முரணையும் அவர் சுட்டினார். 'கப்கேக்ஸ்' படத்துக்கும் அது பொருந்தும். ஆறு பேர் அந்தக் கணத்தில் கட்டியதாகக் காட்டப்படும் பாட்டை உருவாக்கியவர், அமெரிக்காவின் புகழ்பெற்ற 'சிசர் சிஸ்டர்ஸ்' குழுவின் ஸ்காட் ஹாஃப்மன்.

ஆனால் ஃபாக்ஸ் பழைய மரபுக்குள் ஒரு புதுப் பொருளை வைக்கிறார். இங்கே 'உன்னை மாற்றிக்கொள்' என்ற கட்டளை இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. போட்டி நடத்துகிறவர்கள் குழுவைப் பார்த்துச் சொல்கிறார்கள். சமூகமும் குடும்ப வியாபாரமும் ஓஃபரின் காதலனைப் பார்த்துச் சொல்கின்றன. இரண்டும் ஒரே கட்டளை என்பதைப் படம் பிரசங்கம் செய்யாமல் உணர்த்திவிடுகிறது. கணவன் விட்டுப் போன பேக்கரிக்காரி, முன்னாள் அழகுராணி என்ற பட்டத்தின் நிழலில் இருக்கும் வழக்கறிஞர், அமைச்சர் அலுவலகத்தில் அடங்கி ஒடுங்கி வேலை பார்க்கும் பெண் என்று மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு ஒளிவிடம் இருக்கிறது. தன்பாலீர்ப்பு கொண்டவனின் அச்சம் எல்லாருடைய அச்சங்களுக்கும் நடுவே ஒன்றாக நிற்கிறது. அவன் அங்கே விதிவிலக்காகவோ பாடப்பொருளாகவோ இல்லை, நண்பனாக இருக்கிறான். இதுதான் படத்தின் உண்மையான சாதனை. சாவதற்காகவோ, பிறருக்குப் புத்தி சொல்வதற்காகவோ, சிரிப்பு மூட்டுவதற்காகவோ படைக்கப்படாத பால்புதுமைப் பாத்திரத்தைத் திரையில் பார்க்க நூறாண்டு தேவைப்பட்டிருக்கிறது.

சட்டகத்துக்கு வெளியே

மூன்றாம் தரப்பின் விமர்சனம் கனமானது. இஸ்ரேலிய அரசு 2000களின் நடுவிலிருந்து தன் நாட்டை நவீன, சுதந்திரமான தேசமாக உலகுக்கு விளம்பரம் செய்யத் திட்டமிட்டது. டெல் அவீவின் பால்புதுமைக் கொண்டாட்டங்கள் அந்த விளம்பரத்தில் முன்னால் நிறுத்தப்பட்டன. பாலஸ்தீனர்கள்மீதான ஆக்கிரமிப்பை மறைக்க வானவில் கொடி திரையாக்கப்படுகிறது என்று எழுத்தாளர் சாரா ஷுல்மன் 2011இல் நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதினார். அவரும் பெண்களை நேசிக்கும் யூதப் பெண். 'அல்கவ்ஸ்' போன்ற பாலஸ்தீனப் பால்புதுமையினர் அமைப்புகளும் இதையே சொல்லிவந்திருக்கின்றன: தங்கள் விடுதலையைத் தங்கள் மண்ணின் விடுதலையிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது என்று.

2019இல் டெல் அவீவில் யூரோவிஷன் நடந்தபோது ஐஸ்லாந்தின் 'ஹதாரி' குழுவினர் கேமரா முன் பாலஸ்தீனக் கொடி வண்ணத் துணிகளை உயர்த்திக் காட்டினார்கள். அவர்களுடைய தொலைக்காட்சி நிறுவனத்துக்கு அபராதம் விழுந்தது. 2025 டிசம்பரில், காசா போருக்குப் பிறகும் இஸ்ரேல் பங்கேற்கலாம் என்று முடிவானதும் அயர்லாந்து, ஸ்பெயின், நெதர்லாந்து, ஸ்லோவேனியா ஆகிய நாடுகளின் ஒலிபரப்பு நிறுவனங்கள் 2026 போட்டியிலிருந்து விலகுவதாக அறிவித்தன. எல்லாரையும் அரவணைக்கும் மேடை என்ற பெருமைக்கு அந்த மேடையிலேயே சோதனை வந்துவிட்டது.

இந்த வெளிச்சத்தில் ஃபாக்ஸின் இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 'தி பபிள்' படத்தில் பாலஸ்தீனக் காதலன் இருந்தான்; கதை சாவில் முடிந்தது. 'கப்கேக்ஸ்' படத்தில் நாட்டின் அரசியல் மோதலே தலைகாட்டவில்லை. கதை சுபமாக முடிந்தது. அதே நகரம், அதே இயக்குநர். பாலஸ்தீனன் சட்டகத்துக்குள் இருந்தவரை மகிழ்ச்சிக்கு வழி கிடைக்கவில்லை. அவனை வெளியே விட்ட பிறகே வழி கிடைத்தது. இதை இயக்குநரின் தீய நோக்கம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் படத்தின் இனிமை, யாரோ ஒருவர் அங்கே இல்லாததால் கிடைத்த இனிமை என்பதைச் சொல்லாமல் விடவும் முடியாது.

வேறு மேடைகள்

இது ஒரு நாட்டின் படத்துக்கு மட்டும் உள்ள குறை ஆகாது. 1994இல் வந்த ஆஸ்திரேலியப் படம் 'பிரிஸில்லா', சிட்னியிலிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வரை ஒரு பேருந்தில் பயணம் செய்யும் பெண் வேடமிடும் இரண்டு ஆண் கலைஞர்களையும் ஒரு திருநங்கையையும் பற்றியது. ஆடை வடிவமைப்புக்காக ஆஸ்கர் வாங்கிய படம்; பாலைவனத்தின் நடுவே ஆட்டமும் பாட்டுமாக அவர்கள் செல்வதைப் பார்த்து உலகம் மகிழ்ந்தது. அதே படம் ஒரு பிலிப்பைன்ஸ் பெண்ணைக் கொச்சையான கேலிப்பொருளாக்கியது. தன் நாயகர்களுக்கு மறுக்கப்பட்ட கண்ணியத்தை மீட்டுத் தந்த படம், அதே கண்ணியத்தை இன்னொருத்திக்கு மறுத்தது.

2020இல் நெட்ஃபிளிக்ஸில் வெளியான 'யூரோவிஷன் சாங் கான்டெஸ்ட்: தி ஸ்டோரி ஆஃப் ஃபயர் சாகா', 'கப்கேக்ஸ்' கதைக்கு மிக நெருங்கியது. ஐஸ்லாந்தின் ஹுசாவிக் என்ற சிற்றூரைச் சேர்ந்த இரண்டு நண்பர்கள் போட்டிக்குப் போகிறார்கள். நாயக நாயகியின் காதல் வழக்கமான காதல்தான். மனத்தில் தங்குபவனோ ரஷ்யப் பாடகன் லெம்டோவ். அவன் யாரை நேசிப்பவன் என்பது எல்லாருக்கும் தெரியும். அவனால் மட்டும் சொல்ல முடியாது, ஏனென்றால் அவன் நாடு அதை ஏற்காது. நீயும் மகிழ்ச்சியாக இருக்கத் தகுதியுள்ளவன் என்று அவன் தோழி ஆறுதல் சொல்லும் சிறு காட்சி, கேலியும் கூத்துமான படத்தின் நடுவே ஓர் அரசின் கொடுமையைச் சொல்லிவிடுகிறது. சுபமான முடிவுக்குள் அடங்காத ஒருவனையும் படம் நமக்குக் காட்டிவிட்டே முடிகிறது.

இந்தத் துறையில் மிக உயர்ந்த இடத்தை நான் 2014இல் வந்த பிரிட்டிஷ் படமான 'பிரைட்'டுக்குத் தருவேன். அது போட்டியின் கதை அல்ல. ஆனால் சேர்ந்து பாடுவதன் பொருளை அதைவிட நன்றாகச் சொன்ன படம் குறைவு. 1984-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது லண்டனைச் சேர்ந்த பால்புதுமை இளைஞர்கள் வேல்ஸ் பகுதியின் சுரங்கக் கிராமங்களுக்காக நிதி திரட்டினார்கள். 1984 டிசம்பரில் லண்டனில் அவர்கள் நடத்திய இசை நிகழ்ச்சியில் 'பிரான்ஸ்கி பீட்' குழு பாடியது. வேலைநிறுத்தம் தோற்றது. ஆனால் 1985 பெருமித ஊர்வலத்தில் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் பதாகைகளோடு முன்னால் நடந்தார்கள். அந்த ஆண்டு தொழிற்கட்சி மாநாட்டில் தன்பாலீர்ப்பு கொண்டோர் உரிமைக்கான தீர்மானம் நிறைவேற அவர்களுடைய தொழிற்சங்கத்தின் வாக்குகள் துணை நின்றன. இத்தனையும் நடந்த வரலாறு. அந்தப் படத்தில் மகிழ்ச்சி பிறருடைய இல்லாமையில் பிறக்கவில்லை. வேறொருவரின் போராட்டத்தைத் தன் போராட்டமாக எடுத்துக்கொண்டதில் பிறக்கிறது. தோல்வியை மறைக்காமலேயே அது மனத்தை நிறைக்கிறது.

எப்படி மதிப்பிடுவது?

மூன்று தரப்புகளையும் பார்த்தாயிற்று. மகிழ்ச்சியான முடிவு ஓர் உரிமைக் கோரிக்கை என்ற முதல் தரப்பு, நூறாண்டுச் சாவுப் பட்டியலின் முன்னால் மறுக்க முடியாதது. கேளிக்கை வெறும் தப்பித்தல் என்ற வாதம் நிற்கவில்லை. அரசுகள் இந்த மகிழ்ச்சியைத் தங்கள் வசதிக்குப் பயன்படுத்துகின்றன என்ற மூன்றாம் தரப்பு உண்மை. ஆனால் அந்த உண்மைக்குப் பரிகாரம் மறுபடி சோகப் படங்களுக்குத் திரும்புவதாக இருக்க முடியாது. ஒடுக்கப்பட்டவர்கள் அழுதுகொண்டே இருந்தால்தான் நேர்மையானவர்கள் என்பதும் ஒரு கொடுமையே.

எனவே இத்தகைய படத்தை மதிப்பிட இரண்டு கேள்விகளை நான் முன்வைக்கிறேன். இந்த மகிழ்ச்சியை அடைய யார் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது? இந்த மகிழ்ச்சிக்காக யார் வெளியே நிறுத்தப்பட்டார்கள்? முதல் கேள்விக்கு 'கப்கேக்ஸ்' அருமையான பதில் தருகிறது: யாரும் தன்னை மாற்றிக்கொள்ளத் தேவையில்லை, பாட்டு தான் பிறந்தபடியே மேடையேறட்டும் என்கிறது. இரண்டாம் கேள்வியில் அது தோற்கிறது. 'பிரிஸில்லா' படமும் முதலாவதில் வென்று இரண்டாவதில் தோற்கிறது. 'பிரைட்' இரண்டிலும் வெல்கிறது. மகிழ்ச்சியும் நியாயமும் ஒரே படத்தில் சேர்ந்து இருக்க முடியும் என்பதற்கு அதுவே சான்று.

திருநங்கைகளையும் பெண்மை கலந்த ஆண்களையும் பார்த்ததும் சிரிக்கும்படி பழக்கப்படுத்திய நகைச்சுவைக் காட்சிகள் தமிழ்ப் பார்வையாளர்களுக்குப் புதியவை அல்ல. அவர்களைப் பார்த்துச் சிரிப்பது வேறு, அவர்களோடு சேர்ந்து சிரிப்பது வேறு என்பதை உணர, இக்கட்டுரையில் சொன்ன படங்கள் நல்ல பயிற்சி தரும். 'தி பபிள்', 'கப்கேக்ஸ்', 'பிரைட்' மூன்றையும் இந்த வரிசையிலேயே பாருங்கள். முதலாவது நியாயத்தைக் காட்டி மகிழ்ச்சியை இழக்கிறது. இரண்டாவது மகிழ்ச்சியைக் காட்டி நியாயத்தை விட்டுவிடுகிறது. மூன்றாவது இரண்டையும் சேர்க்கிறது. சோகப் படங்களுக்குத் தரும் அதே கவனத்தையும் மரியாதையையும் இந்த மகிழ்ச்சியான படங்களுக்கும் நம் விமர்சகர்கள் தர வேண்டும். அதே கண்டிப்போடு அவற்றைக் கேள்வி கேட்கவும் வேண்டும்.